புறாத் தூசி

ஜூன் 9, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இருமி முடித்தேன். பல் துலக்குவதைப் போல இதுவும் ஒரு காலைக்கடன் ஆகிவிட்டது. வறட்டு இருமல். சளிகிளி ஒன்றும் வருவதில்லை. கடைசியில் கண்ணில் நீர் மட்டும் வருகிறது. அது அழுகை இல்லை.

இவர் அதற்குள் மாடிக் கூண்டுக்குப் போயிருந்தார். தகரக் கூரையில் புறாக்கள் இறங்கும் சத்தம், இவருடைய விசில், பிறகு அவற்றோடு இவர் பேசும் சத்தம். என்னிடம் பேசுவதைவிட அவற்றிடம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறார். குறையாகச் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் ஒரு வண்டி நிறுத்தும் தகராறு. ஜெலுத்தோங் சந்தையில் மீன் விற்கும் முனுசாமி என்ற பெரியவர் சாட்சி. தமிழில்தான் சொல்வேன் என்றார். சாட்சி சொல்வதை அப்படியே மலாயில் சொல்வது என் வேலை. ‘அவர் சொல்கிறார்’ என்று சேர்க்கக் கூடாது. ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் நான் அடித்திருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன், வரி கட்டாத சிகரெட் விற்றிருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் செய்தது, என் வாயால்.

பெரியவர் மூச்சு விடாமல் பேசினார். “நான் பாட்டுக்கு நெத்திலிக் கூடைய எறக்கிக்கிட்டு இருக்கேன் ஐயா. இவன் காடியக் கொண்டாந்து என் கால் மேல ஏத்துற மாதிரி நிறுத்திட்டு, யோவ் கெழவா, ஒன் மீன விட ஒன் வாய்தான் நாறுதுன்னான். சும்மா இருப்பனா? நாறுதுன்னா மூக்கப் பொத்திக்கடான்னேன்.”

‘உன் வாய்தான்’ வரைக்கும் மலாயில் வந்தேன். அங்கே மூச்சு தீர்ந்துவிட்டது. வார்த்தை தெரியாமல் நின்றதில்லை நான், இதுவரை. காற்று இல்லாமல் நின்றேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “புவான், தண்ணீர் குடியுங்கள்” என்றார் மலாயில், மரியாதையாக.

முனுசாமி தன் வக்கீலைப் பார்த்துச் சொன்னார்: “பாவம், அந்தம்மாவுக்கே நாத்தம் தாங்கல போல.”

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததும் இருமல் வந்தது.

ஜூன் 12, வியாழன்

கிளினிக். மூன்றாம் தடவை. இருமல் மருந்து, ஆன்டிபயாடிக், இந்தத் தடவை டாக்டர் ஒரு நீலப் பம்பும் கொடுத்தார். இழுத்து உறிஞ்ச வேண்டுமாம். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றார். இருக்கலாம்.

ஜூன் 14, சனி

இவர் விடிவதற்கு முன்பே புறாச் சங்கத்து ஆட்களோடு போய்விட்டார். இன்று பந்தயம். புறாக்களைக் கூடைகளில் அடைத்து, லாரியில் ஏற்றி, ஈப்போவுக்கும் தெற்கே கொண்டுபோய்த் திறந்து விடுவார்கள். எது முதலில் தன் வீட்டுக்கு வந்து சேர்கிறதோ அது ஜெயித்தது.

சனிக்கிழமை கூண்டைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. தண்ணீர் ஊற்றினால் நாறும், வழுக்கும். அதனால் காய்ந்த எச்சத்தைச் சுவர்ச் சாயம் சுரண்டும் தகட்டால் சுரண்டிக் கூட்டுகிறேன். கூரைச் சந்தில் விழும் வெயிலில் வெள்ளையாகத் தூசி நிற்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். கூட்டியதை அள்ளிக் கறிவேப்பிலைத் தொட்டியில் போடுவேன். எங்கள் வரிசை வீடுகளில் என் கறிவேப்பிலைக்குப் பெயர் உண்டு.

இந்தப் புறாக்கள் வந்து மூன்று வருடம் ஆகிறது. இவர் பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்தொரு வயது. அதற்குப் பிறகு கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தொலைக்காட்சியைப் போட மாட்டார். சாப்பிட்டீங்களா என்றால் தலையை ஆட்டுவார். எட்டு மாதம் அப்படி. கோபம் இல்லை, குடி இல்லை. ஆள் மட்டும் இல்லை.

சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் நூர் முகம்மது பாய்தான் தம் வீட்டுப் புறாவில் இன்னும் பறக்கப் பழகாத ஓர் இளம் ஜோடி தந்தார். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது நான். அட்டைப்பெட்டியை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். இவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, “இதுக்கு என்ன தீனி போடறது?” என்றார். எட்டு மாதத்தில் இவராகக் கேட்ட முதல் கேள்வி.

எழுதும்போதே குளிர்கிறது. சனிக்கிழமை சாயங்காலமானால் இப்படித்தான். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் ஈரச்சாக்கை வைத்த மாதிரி பாரம். ஞாயிறு மத்தியானம் சரியாகிவிடும். நாற்பத்தாறு வயது. இதெல்லாம் வரும் என்கிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

அரசாங்க மருத்துவமனை, நெஞ்சக நோய்ப் பிரிவு.

முதலில் ஊதும் சோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, ஒரு குழாயில் ஊத வேண்டும். சோதனை செய்யும் பெண்ணின் பெயர் ரொஸ்னா. தமிழ் முஸ்லிம். குரல் மீன் சந்தைக்கே கேட்கும்.

“ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்றாதீங்க அக்கா, இன்னும் இன்னும் இன்னும்... ஆ, போச்சு. அக்கா, பிறந்தநாள் கேக்கா இருந்தா ஒரு மெழுகுவர்த்தி கூட அணைஞ்சிருக்காது லா.”

மறுபடி ஊதினேன். மறுபடி. திரையில் கோடு கொஞ்சம் ஏறி, படுத்துக்கொண்டது.

பிறகு ஓர் இளம் டாக்டர் மலாயில் வரிசையாகக் கேட்டார். சிகரெட் பிடிப்பீர்களா? இல்லை. வீட்டில் யாராவது? இல்லை. காசநோய் வந்ததுண்டா? இல்லை. விறகடுப்பு? கல்லுடைக்கும் இடத்தில் வேலை? பூஞ்சை பிடித்த சுவர்? பறவைகள் வளர்க்கிறீர்களா?

இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. போன வருடம் பக்கத்து வீட்டுச் சீன அம்மா எச்சம் விழுகிறதென்று மாநகர் மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டார். சிவநேசன் என்று இவர் பெயர் போட்டுக் கடிதம் வந்தது. அதிகாரிகள் வந்தார்கள். இவர் கூண்டின் மேல் தார்பாயை இழுத்துவிட்டுக் கீழே வந்து, “இங்க ஏது புறா?” என்றார். புறாக்கள் அத்தனையும் புகார் கொடுத்த அம்மாவின் கூரையில் போய் உட்கார்ந்திருந்தன. அதிகாரி அந்தக் கூரையைப் பார்த்தார், புகாரைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் புறா இல்லை. அது ஒரு வழக்கமாகிவிட்டது. டாக்டரும் அட்டை மாட்டியிருந்தார்.

சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் பொய் சொல்லும்போது எனக்கு உடனே தெரியும். கொஞ்சம் வேகமாகச் சொல்வார்கள். நானும் வேகமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

ஸ்கேன். வளையத்துக்குள் படுத்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது இயந்திரம். பிடிக்க முடியவில்லை. விட்டு முடித்த பிறகு, “இப்போது மூச்சு விடலாம்” என்றது.

ஜூலை 17, வியாழன்

இன்று பெரிய டாக்டர். டாக்டர் சலேஹா. என்னைவிட இளையவர். என் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார். படத்தைத் திரையில் போட்டு விரலால் காட்டினார்.

“இங்க பாருங்க அக்கா. கறுப்பா இருக்கறது நல்ல இடம். வெள்ளக் கோடு கோடா இருக்கே, அது தழும்பு. நுரையீரல் பஞ்சு மாதிரி இருக்கணும். உங்களுது பாத்திரம் தேய்க்கிற நாரு மாதிரி ஆயிட்டு வருது.”

“ஆஸ்துமாவா?”

“ஆஸ்துமா இல்ல. அந்த நீலப் பம்பு இதுக்குக் கேக்காது. இந்த மாதிரிப் படம் வந்தா ஏதோ ஒண்ண ரொம்ப நாளா உள்ள இழுத்துக்கிட்டு இருந்திருக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோழி, கிளி, புறா... பக்கத்துல, மாடியில? நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல.”

“புறா” என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். திட்டவில்லை. சுத்தம் செய்வது யார் என்று கேட்டார். எப்படி என்று கேட்டார். சுரண்டுவதைச் சொன்னேன். சனிக்கிழமைக் காய்ச்சலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வழக்கு புரிந்துவிட்டது. காலையில் சுரண்டல், சாயங்காலம் காய்ச்சல். மகளைப் பார்க்கக் கோலாலம்பூர் போய் ஒரு வாரம் இருந்தபோது இருமலே இல்லை. ஊர்த் தண்ணீர் என்று நினைத்தேன்.

இறகிலும் எச்சத்திலும் இருக்கும் நுண்ணிய தூசி. எல்லாருக்கும் ஒன்றும் செய்யாதாம். “சில பேரோட ஒடம்பு அத எதிரின்னு நெனச்சு சண்ட போடும். சண்டையில அடிபடறது அவங்க நுரையீரல்தான்.”

தழும்பானது தழும்புதான், திரும்பாது என்றார். மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஸ்டீராய்டு மாத்திரை, சளிக்காய்ச்சல் தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி. “ஆனா அதெல்லாம் ரெண்டாவது. முதல்ல புறா போகணும்.”

“எத்தனை நாளைக்கு, டாக்டர்?”

“நாள் கணக்கெல்லாம் இல்ல. போனா போனதுதான்.”

இவ்வளவு வருடம் அடுத்தவர் கதையை ‘நான்’ என்று சொல்லிப் பழகியவள். இன்று என் கதையை யாரோ ஒருத்தியின் கதைபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். பேருந்து வந்தது. ஏறினேன்.

ஜூலை 18, வெள்ளி

இவரிடம் சொன்னேன். சோளத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இந்த இருமல் புறாவாலதானாம். டாக்டர் சொல்றாங்க.”

“எந்தப் புறா?”

எந்தப் புறா என்று தெரிந்தால் அதை மட்டும் கண்டித்துவிடலாம் என்பது போல.

“எல்லாம்தான்.”

“நான் நாள் பூரா அதுங்களோட இருக்கேன். எனக்கு ஒண்ணும் வரலையே, லோகா.”

“எல்லாருக்கும் வராதாம்.”

சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிரைவேட்ல வேற ஸ்பெஷலிஸ்ட் பாப்பமா?” என்றார்.

“பாக்கலாம்.”

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

ஜூலை 21, திங்கள்

இவர் முகமூடி வாங்கி வந்திருக்கிறார். இனிமேல் நான் மேலே போகக் கூடாது. கூண்டுச் சட்டை தனி, பின்னால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மாடிப்படி வாசலில் பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்டிருக்கிறார், ஐஸ் தொழிற்சாலை மாதிரி. அதை விலக்கிக்கொண்டு தலையை நீட்டி, “இப்ப பரவால்லையா?” என்கிறார். பரவாயில்லை என்றேன்.

இவர் நல்லவர். இதை எழுத வேண்டியிருப்பதே ஒரு மாதிரி இருக்கிறது.

ஜூலை 26, சனி

மேலே போகவில்லை. காய்ச்சல் வந்தது. கொஞ்சம் குறைவு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவராகவே முடிவு செய்துவிட்டார். தொழிற்சாலையில் இவரோடு வேலை செய்த பிச்சைமுத்து கடல் பாலத்துக்கு அப்பால் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பழைய கோழிக்கூண்டு சும்மா கிடக்கிறதாம். புறாக்களைக் கூடையில் அடைத்துக் காரின் பின் இருக்கையில் வைத்தார். இரண்டு நடை. இரண்டாம் நடை போய்த் திரும்பி வந்து கூண்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். சாப்பிடக் கூப்பிட்டேன். வந்து சாப்பிட்டார்.

“பாலத்து மேல போறப்ப எல்லாம் அமைதியாயிருச்சு” என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

காய்ச்சல் வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வேலை முடிந்து வந்தேன். கூடத்து நாற்காலியில் இருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை. மின்விசிறியும் ஓடவில்லை. சாப்பிட்டீங்களா என்றேன். தலையை ஆட்டினார். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தேன். காலையில் வைத்துவிட்டுப் போனது அப்படியே இருந்தது.

மூடினேன்.

மூச்சு நன்றாக இருக்கிறது. சந்தைப் பையோடு வாசற்படி ஏறி, நிற்காமல் உள்ளே வந்தேன். அதைச் சொல்லலாம் என்று வந்தவள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை பத்து மணி இருக்கும். பிச்சைமுத்து கூப்பிட்டார்.

“அக்கா, அண்ணன் இருக்காரா? சரி, நீங்களே கேளுங்க. ரெண்டு வாரம் அடச்சு வெச்சேன். பழகியிருக்கும்னு கதவத் தொறந்து விட்டேன். ஒண்ணு கூடத் திரும்பிப் பாக்கல லா. நன்றி கெட்ட ஜென்மங்க. என் தீனியத் தின்னுட்டு உங்க வீட்டுக்கு வந்து பேளப் போவுது, பாத்துக்கிட்டே இருங்க.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தகரத்தில் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு மூன்று நான்கு. பிறகு எண்ண முடியவில்லை.

இவர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டது. செருப்புக்கூட இல்லாமல் மேலே ஓடினார். கீழே நின்று கேட்டேன். சிரிக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். “ஏய், நீயுமா? நீ எப்படிடா வந்த, நொண்டி?” — அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை நாள்.

இறங்கி வந்தவர் என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார். “வெரட்டிப் பாத்தேன், லோகா. போக மாட்டேங்குது.”

“தண்ணி வெச்சீங்களா?” என்றேன்.

எதற்காக அதைக் கேட்டேன்?

பந்தயப் புறாவுக்கு வாழ்க்கையில் ஒரே வீடுதானாம், முதன்முதலில் பறந்து பழகிய வீடு. விற்றாலும் கொடுத்தாலும் சாகும்வரை பூட்டி வைக்க வேண்டும். ஒருநாள் திறந்தால் கிளம்பி வந்துவிடும். சங்கத்தில் கேட்டாராம். கழுத்தைத் திருகுவதுதான் வழி என்றார்களாம். இதைச் சொல்லும்போது தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மூச்சுப் பயிற்சி. ரொஸ்னா அங்கேயும் இருக்கிறாள். நீண்ட தாழ்வாரத்தில் நடக்க வேண்டும், விரலில் ஒரு கிளிப்போடு. “மூக்கால இழுங்க. வாயக் குவிச்சு, சூடான தே தாரிக் டீயில ஊதற மாதிரி மெதுவா விடுங்க. அவசரப்பட்டா தே சிந்தும். படி ஏறறப்ப பேசாதீங்க அக்கா. பேசணும்னு ஆசையா இருந்தா நின்னு பேசுங்க. வீட்டுக்காரரத் திட்டறதுன்னா உக்காந்து திட்டுங்க.”

மாத்திரையால் முகம் உப்பிவிட்டது. கண்ணாடியில் யாரோ.

தனுஜா போன் செய்தாள். அவள் அப்பா ஏற்கெனவே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

“அம்மா, அப்பாகிட்ட நேரா கேட்டீங்களா? நானா, புறாவான்னு?”

“அப்படிக் கேக்கக் கூடாது.”

“ஏன்?”

“பதில் சொல்லிடுவாரு.”

“ஐயோ. அப்பா ஒங்கள விட்டுட்டுப் புறாவயா வெச்சிக்குவாரு? என்னம்மா பேசறீங்க?”

“இல்ல. என்னத்தான் சொல்லுவாரு. சொல்லிட்டுப் போய் அந்த நாற்காலியில உக்காருவாரு.”

“அப்ப ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் மூச்சு விடலாம், அப்படித்தானே?” என்றாள். இந்த வாய் யாரிடமிருந்து வந்தது?

செப்டம்பர் 9, செவ்வாய்

விசாரணை அறையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். தண்டனை இல்லை, தயவு. இனிமேல் ஆவணங்களை மொழிபெயர்க்கலாம். காகிதத்துக்கு மூச்சு வேண்டாம்.

பதிவாளர் தேநீர் நேரத்தில் ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். தைப்பிங் நீதிமன்றத்தில் இதே ஆவண வேலைக்கு ஆள் தேவை, விருப்பமுள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்கலாம். யாரும் தலையை நிமிர்த்தவில்லை. “தைப்பிங்கா? அந்த ஊர் மழையில உள்பாவாடை காயவே மூணு நாளாவுமே” என்றாள் பக்கத்து மேசை புஷ்பவள்ளி. எல்லாரும் சிரித்தார்கள்.

செப்டம்பர் 13, சனி

காய்ச்சல். மதியமே வந்துவிட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று இவரும் மருத்துவமனைக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

ஊதும் சோதனைக் கணக்கு ஜூனைவிடக் குறைந்திருக்கிறது. டாக்டர் சலேஹா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இன்னும் இருக்கா?”

“இருக்கு” என்றேன்.

“அக்கா, நான் ரெண்டு மாசமா பொங்கற பாலுக்குத் தண்ணி தெளிக்கிறேன். நீங்க அடுப்ப அணைக்க மாட்டேங்கறீங்க.” பிறகு இவரிடம் திரும்பினார். “அண்ணே, இப்படியே போனா இன்னும் கொஞ்ச நாள்ல வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வெக்க வேண்டி வரும். குளிக்கறதுக்கே மூச்சு வாங்கும்.”

இவர் தலையை ஆட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டுவாரே, அதே ஆட்டம்.

“இன்னொண்ணு. புறா இன்னிக்கே போனாலும் அந்தத் தூசி வீட்டுல இருக்கும். மெத்தையில, திரையில, கூரைச் சந்துல. தேச்சுக் கழுவினாலும் மாசக் கணக்குல, வருசக் கணக்குல கூட இருக்கும். சில பேருக்கு வீட்டையே மாத்தச் சொல்றோம். புது எடம், புதுத் துணி, புது மெத்தை.”

இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அதுங்க மேலயும் தப்பு இல்லதானே, டாக்டர்?”

“யார் மேலயும் தப்பு இல்ல, அண்ணே.”

வெளியே வந்து மருந்துக்கு எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் இப்படிப் பிடிப்பவர் இல்லை. நான் கையை எடுக்கவில்லை. திருப்பிப் பிடிக்கவும் தோன்றவில்லை. எண் வந்ததும் எழுந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். விசில் இல்லை, பேச்சு இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். தேவைக்கு மேல் ஒரு சட்டி உரித்துவிட்டேன்.

போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தடுத்தால் நான் சாகிறேன் என்று ஒப்புக்கொள்வது. தடுக்காவிட்டால்... என்ன? ஒன்றும் தோன்றவில்லை. வெங்காயத்தின் தோல் மட்டும் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து வந்தார். கையில் தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பின்கட்டில் வைத்துவிட்டுக் குழாயடியில் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு. பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீ கொண்டாந்த ஜோடியில ஆண்” என்றார். “கடேசியா வெச்சா என்னால முடியாதுன்னு அத முதல்ல...”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“ஒண்ணுதான் ஆச்சு, லோகா. சாப்பிட்டுட்டு மத்ததப் பாக்கறேன்.”

இவர் முகத்தில் ஒன்றுமில்லை. அதைத்தான் பார்த்தேன். ஆள் போய்விட்டது. மிச்சம் இருக்கும் அத்தனை புறாவையும் முடித்துவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்காருவார். அப்புறம் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பேன்? அதோடு, புறா இல்லாவிட்டாலும் தூசி இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது இவரும்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

“போதும்” என்றேன். “மத்தது இருக்கட்டும்.”

நிமிர்ந்து பார்த்தார்.

“நெசமாத்தான். இருக்கட்டும்ங்க.”

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் போய் நின்றேன். தலையில் கை வைத்தேன். முடியில் புறாவின் வாசனை. மூச்சை மெதுவாக, வாயைக் குவித்து விட்டேன்.

மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

இவர் காலையிலேயே போய் எனக்கு இட்லி வாங்கி வந்திருந்தார். கொடுக்கும்போது நிறையப் பேசினார். கூண்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சிமெண்டுப் பலகைச் சுவர் வைக்கலாமாம், பெரிய காற்றுறிஞ்சி மாட்டலாமாம், ஹரீஷ் என்று ஒரு பையன் மலிவாகச் செய்து தருகிறானாம். “ஒரு வழி பண்ணிடலாம், லோகா” என்றார். மற்றவை இருக்கட்டும் என்று நான் சொன்னதை, அவற்றோடு நானும் இருப்பேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இட்லி நன்றாக இருந்தது.

அலுவலகத்தில் சுற்றறிக்கை இன்னும் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. கீழே பெயர் எழுதும் இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. நாளை காலை பதிவாளர் வந்ததும் என் பெயரைக் கொடுக்கப் போகிறேன். தைப்பிங்கில் ஓர் அறை போதும். திரைச்சீலை வேண்டாம். புது மெத்தை, புதுச் சேலைகள். இந்த வீட்டிலிருந்து ஒரு துணியும் வராது. இவரிடம் சொல்லவில்லை. தனுஜாவிடம், டாக்டரிடம், யாரிடமும் இல்லை. சொன்னால் இவர் இன்னொரு முறை மேலே போவார்.

இவர் வரலாம். வாராவாரம் கூட வரலாம், ரயில் இருக்கிறது. வந்ததும் தலைக்குக் குளித்து உடை மாற்றிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

மதிய இடைவேளையில் கடைக்குப் போனேன். இவர் அளவில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு வாங்கினேன். பையைப் பிரிக்காமல் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.